மண்டபம் கேம்பும் ஸ்டாஃப் கவுன்சிலும்

போன மாதம் என் கல்லூரித் தோழன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் ரொம்ப வருஷமாக வேலை பார்க்கிறவன். அங்கே ‘ஸ்டாஃப் கவுன்சில்’ தேர்தலில் நின்று ஜெயித்துவிட்டானாம். பேராசிரியர்களுக்குத் தனியாக செனட் இருக்கிறது. அலுவலகம், நூலகம், ஆய்வகம், சமையல்கூடம், கட்டடப் பராமரிப்பு என்று மற்ற வேலை பார்ப்பவர்களுக்காக இந்தக் கவுன்சில். “நம்மூர்ல இப்படி ஏதாவது உண்டாடா? நீதான் பழைய பேப்பரையெல்லாம் கிண்டுறவனாச்சே” என்று கேட்டிருந்தான்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது என் சொந்தக் கதை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ‘ஊழியர் மன்றம்’ என்று ஒன்று இருந்தது. அதில் இரண்டு வருஷம் உறுப்பினராக உட்கார்ந்தேன். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மனிதவளத் துறையிலிருந்து மெயில் வந்தது, போனேன். டீ, பிஸ்கட் எல்லாம் நன்றாகவே இருந்தது. இரவு ஷிப்ட் முடித்துப் போகும் பெண்களுக்கு வண்டி ஏற்பாடு சரியில்லை என்று மூன்று கூட்டங்களில் சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார்கள். கூட்டக் குறிப்பு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. நான்காவது கூட்டத்தில் எனக்கே அலுத்துவிட்டது. என்னை நம்பிச் சொன்ன பெண்களிடம் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் கேன்டீனில் அவர்களைத் தவிர்த்த நாட்கள் உண்டு.

அதனால் தோழனின் கேள்வியைச் சும்மா விட முடியவில்லை. தேடிப் போனதில், நேர் உதாரணம் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே, மண்டபத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதையும் இருக்கிறது.

வாத்தியாருக்கு உண்டு, மற்றவருக்கு?

முதலில் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிடுவோம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1923இல் வந்த சட்டம் செனட், சிண்டிகேட், அகடமிக் கவுன்சில் என்ற அமைப்பை உறுதிசெய்தது. ஆசிரியர்கள் இந்தச் சபைகளில் உட்கார்ந்தார்கள், தேர்தலில் நின்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 171ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. மாநில மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் ஆசிரியர் தொகுதிகளுக்கு. உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களின் ஆசிரியர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பலாம். இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு. தமிழ்நாட்டில் 1986இல் மேலவை கலைக்கப்படும் வரை இது நடந்தது.

அதே கல்லூரியில் வேலை பார்த்த லேப் அட்டெண்டரையும் எழுத்தரையும் வாட்ச்மேனையும் யோசித்துப் பாருங்கள். பட்டம் இல்லாவிட்டால் இந்த இரண்டு தொகுதியிலும் அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. சங்கம் வைத்துக்கொள்ளலாம், போராடலாம். ஆனால் நிர்வாகத்தோடு ஒரே மேசையில் உட்காரும் உரிமை என்பது வேறு விஷயம். அந்த மேசை எங்கிருந்து வந்தது என்று பார்க்க, மண்டபத்தின் பழைய கதைக்குப் போக வேண்டும்.

தகரச் சீட்டு

ராமேஸ்வரம் போகும் ரயிலில் பாம்பன் பாலத்துக்கு முன்னால் ‘மண்டபம் கேம்ப்’ என்று ஒரு நிலையம் வரும். எதற்கு அந்த ‘கேம்ப்’ என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதன்பின் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலித் தொழிலாளர்களின் பெரும் வாசலாக மண்டபம் ஆனது. காலரா, அம்மை, பிளேக் பயத்தால் அவர்களைச் சில நாட்கள் நிறுத்திவைத்து, துணிகளைக் கிருமி நீக்கி, அம்மை குத்தி அனுப்புவதற்கு இலங்கை அரசு நடத்திய முகாம்தான் அந்தக் கேம்ப்.

அப்படிப் போனவர்களிடம் ஒரு தகரச் சீட்டு இருந்தது. எந்தத் தோட்டம் என்ற குறியீடும் ஓர் எண்ணும் அதில் பொறித்திருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு இது. வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும் என்பதை அந்தச் சீட்டு சொல்லிவிடும். சாப்ட்வேர்க்காரன் கண்ணுக்கு இது ஒரு ‘பிரைமரி கீ’. ஆளுக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு கடன்.

சரி, அந்த ஆளுக்காகப் பேசியது யார்? கங்காணி. ஊரில் வந்து ஆள் சேர்ப்பவர் அவர்தான். முன்பணம் கொடுப்பவரும், மலையில் வேலை வாங்குபவரும், துரையிடம் போய் “ஆளுங்க இப்படிச் சொல்றாங்க” என்று பேசுபவரும் அவர்தான். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடனைக் காட்டும் ‘துண்டு’ வேண்டும். இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

எல்லாக் கங்காணியும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சொந்தக்காரர்களையே கூட்டிப்போய் நன்றாகப் பார்த்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அமைப்பைப் பாருங்கள். தொழிலாளிக்காகப் பேசுகிறவரின் வருமானம் துரையின் கையில் இருக்கிறது. அவரை மாற்றும் வழி தொழிலாளியிடம் இல்லை. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சம்மேளனம் தொடங்கியபோது, தோட்டத்துக்குள் நுழைவதே அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போனார் என்று மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். வெளியாள் நுழைந்தாலே அத்துமீறல் என்றிருந்த இடத்தில், கங்காணி மட்டும் தாராளமாகப் போய்வந்தார்.

விட்லி என்ற நூல் ஆலைக்காரர்

இதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு யோசனை முளைத்தது. முதல் உலகப் போர் நடுவில் அங்கே தொழிற்சாலைகளில் கொந்தளிப்பு. 1917இல் ஜே.எச். விட்லி என்ற எம்.பி. தலைமையில் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர், நூல் ஆலைக் குடும்பம். முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சேர்ந்த கவுன்சில்கள் மூன்று மட்டத்தில் வேண்டும் என்றது அந்தக் குழு: நாடு முழுவதற்கும், மாவட்டத்துக்கும், ஒவ்வொரு ஆலைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், தனியார் முதலாளிகளுக்கு இதைச் சிபாரிசு செய்த அரசாங்கம், தன் சொந்த ஊழியர்களுக்கு என்று வந்தபோது தயங்கியது. அரசு ஊழியர் சங்கங்கள் விடாமல் நெருக்கியதால் 1919இல் அங்கே அரசுப் பணியாளர்களுக்கும் விட்லி கவுன்சில் வந்தது.

இந்த யோசனைக்கு இரண்டு முகம் இருந்தது. அதை நம் சென்னையிலேயே பார்க்கலாம். 1918இல் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கினார்கள். 1921இல் பக்கிங்காம், கர்நாடிக் மில்லில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். புளியந்தோப்பில் கலவரம். சங்கம் அடிபட்டது. அடுத்த வருஷம் மில் நிர்வாகமே தொழிலாளர் பிரதிநிதிகளை வைத்து ஒரு கமிட்டி அமைத்தது. சங்கத்துக்குத் துணையாக ஒரு கமிட்டி வந்தால் அது ஒரு மாதிரி. சங்கம் விழுந்த இடத்தில் கமிட்டி வந்தால் அது இன்னொரு மாதிரி. நான் உட்கார்ந்திருந்த ஊழியர் மன்றம் இரண்டாவது ரகம் என்று இப்போது புரிகிறது. எங்களுக்கு விழுவதற்குக்கூடச் சங்கம் இருக்கவில்லை.

1929இல் அதே விட்லி இந்தியாவுக்கே வந்தார். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ராயல் கமிஷனின் தலைவர் அவர்தான். உறுப்பினர்களில் ஒருவர் வலங்கைமான் வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி, பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர். 1931இல் வந்த அறிக்கை ஆலைக் கமிட்டிகளை ஆதரித்தது. 1947ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தின் 3ஆவது பிரிவில், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இரு தரப்பும் சேர்ந்த கமிட்டி வைக்கச் சொல்லும் விதி இடம்பெற்றது.

ஐந்து நாள் வேலைநிறுத்தம்

மத்திய அரசு ஊழியர்களுக்கு இது சும்மா கிடைக்கவில்லை. ஜகந்நாத தாஸ் தலைமையிலான இரண்டாவது சம்பளக் கமிஷன் 1959இல் அறிக்கை தந்தது. விட்லி மாதிரியில் ஓர் அமைப்பு வேண்டும் என்று அதுவும் சொன்னது. ஆனால் சம்பளம், பஞ்சப்படி விஷயத்தில் அறிக்கை ஊழியர்களுக்கு ஏமாற்றம். 1960 ஜூலை 11 நள்ளிரவில் தொடங்கி ஐந்து நாள் வேலைநிறுத்தம். அரசு அவசரச் சட்டம் போட்டு அதைத் தடை செய்தது. கைது, சஸ்பென்ஷன், எல்லாம் நடந்தது.

அந்தச் சூட்டுக்குப் பிறகு, 1966இல் கூட்டு ஆலோசனை அமைப்பு வந்தது. மத்திய அரசு அலுவலகங்களில் ‘ஜே.சி.எம்.’ என்றால் எல்லாருக்கும் தெரியும். தேசிய கவுன்சில், துறைக் கவுன்சில், அலுவலகக் கவுன்சில் என்று மூன்று அடுக்கு. ஒரு பக்கம் நிர்வாகத் தரப்பு, மறுபக்கம் ஊழியர் தரப்பு. வேலை நிலைமை, நலன், பணித்திறன் எல்லாம் பேசலாம். ஆள் எடுப்பு, பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றில் பொதுக் கொள்கையை மட்டும் பேசலாம். தனி ஆளின் கேஸைக் கொண்டுவரக் கூடாது.

இதில் முக்கியமான பல் ஒன்று உண்டு. சம்பளம் மற்றும் படிகள், வார வேலை நேரம், விடுப்பு என்ற மூன்று விஷயங்களில் உடன்பாடு வராவிட்டால் நடுவர் குழுவுக்குப் போகலாம். இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர், நடுவில் ஒரு தலைவர்.

அந்தப் பல்லுக்குச் சோதனை இரண்டே வருஷத்தில் வந்தது. தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச சம்பளம் வேண்டும் என்று ஊழியர் தரப்பு கேட்டது. உடன்பாடு இல்லை. நடுவர் குழுவுக்கு அனுப்புங்கள் என்றார்கள். அனுப்ப முடியாது என்றது அரசு. விளைவு, 1968 செப்டம்பர் 19 ஒருநாள் வேலைநிறுத்தம். மறுபடி அவசரச் சட்டம், கைது, வேலை நீக்கம். பதான்கோட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. மேசையில் உட்காரும் உரிமை கொடுத்தபின், முதல் பெரிய விஷயத்திலேயே மேசையை நகர்த்திக்கொண்ட மாதிரிதான் இது.

மண்டபத்துக்கு வந்த கவுன்சில்

இப்போது மறுபடி மண்டபம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. சில வருஷங்களிலேயே மண்டபம் கேம்ப்தான் அதன் தலைமையகம். 1967இல் இது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போனது, மண்டபம் கிளை மையம் ஆனது.

வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நேரடி அரசுத் துறை கிடையாது, சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட அமைப்பு. அதனால் ஜே.சி.எம். மாதிரியிலேயே தனக்கென்று ‘கூட்டு ஊழியர் கவுன்சில்’ வைத்துக்கொண்டது. ஒவ்வொரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் ஒரு கவுன்சில், எல்லாவற்றுக்கும் மேலே டெல்லியில் மத்தியக் கவுன்சில். நிறுவனக் கவுன்சிலுக்கு இயக்குநர் தலைவர். ஊழியர் தரப்பு உறுப்பினர்களைத் தொழில்நுட்பம், நிர்வாகம், துணைப் பணி என்ற மூன்று பிரிவு ஊழியர்களும் தங்களுக்குள் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் மூன்று வருஷம். விஞ்ஞானிகளுக்கு இதில் இடமில்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். என் தோழனின் பல்கலைக்கழகத்தில் இருப்பது கிட்டத்தட்ட இதே ஏற்பாடு. படிப்பு, ஆராய்ச்சி செய்பவர்கள் ஒரு பக்கம். அந்த ஆராய்ச்சி நடப்பதற்கு வேண்டிய மற்ற எல்லா வேலையும் செய்பவர்கள் இந்தப் பக்கம்.

மண்டபத்தில் அது என்ன வேலை? ஓர் உதாரணம். கோபியா எனப்படும் கடல்விராலை இந்தியாவிலேயே முதல்முறையாக, 2010இல் இங்கேதான் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். பொரித்த குஞ்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிர் இரை கொடுக்க வேண்டும். அந்த இரையைத் தனியாக வளர்க்க வேண்டும். கடல்நீர் பம்ப் நிற்கக் கூடாது, தொட்டியில் காற்று நிற்கக் கூடாது. மீன் குஞ்சுக்கு ஞாயிறு, தீபாவளி எல்லாம் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் பம்ப் ஓட்டுபவர், படகு ஓட்டுபவர், தொட்டி கழுவுபவர் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பில் வராது. வந்தால் கடைசியில் நன்றி வரியில் வரலாம். அவருடைய இரவு வேலை, சீருடை, குவார்ட்டர்ஸ் கூரை, பயணப்படி இவற்றையெல்லாம் இயக்குநர் முன்னால் எடுத்து வைக்க, அவரே ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் இந்தக் கவுன்சில். தகரச் சீட்டோடு ஆட்கள் வரிசையில் நின்ற அதே மண்டபம் கேம்பில்!

மினிட்ஸில் ஏறுவது

இதனால் உண்மையில் என்ன பயன்? எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். வேறொரு மத்திய அரசு அலுவலகத்தில் இப்படியான கவுன்சிலில் இரண்டு முறை ஊழியர் தரப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்க் கேட்டேன். பரணிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினார்.

“தம்பி, அங்க போய் சத்தம் போட்டு ஒண்ணும் ஆகாது. மினிட்ஸ்ல ஏத்தணும். ஏறிட்டா அடுத்த கூட்டத்துல ‘என்ன நடவடிக்கை எடுத்தீங்க’ன்னு கேக்கலாம். அவங்க எழுத்துல பதில் சொல்லித்தான் ஆகணும்.”

ஃபைலில் ஓர் இனம் ஐந்து கூட்டங்களாகத் தொடர்ந்தது: குவார்ட்டர்ஸுக்குக் குடிநீர். எங்கள் பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. முதல் கூட்டத்தில் ‘பரிசீலிக்கப்படும்’. இரண்டாவதில் ‘மதிப்பீடு கோரப்பட்டுள்ளது’. மூன்றாவதில் ‘நிதி இல்லை’. நான்காவதில் ஊழியர் தரப்பு தங்கள் மறுப்பைப் பதியச் சொல்லியிருக்கிறது. ஐந்தாவதில் குழாய் வந்துவிட்டது. எங்கள் தொழிலில் ‘பக் டிராக்கர்’ என்று வைத்திருப்போம். ஒரு குறையைப் பதிந்தால் அதை யாராவது மூடும்வரை தொங்கிக்கொண்டே இருக்கும். மாமாவின் ஃபைல் அதேதான். என் பழைய நிறுவனத்தின் மன்றத்தில் இல்லாமல் போனதும் இதேதான்.

வேலைநிறுத்தம் செய்யலாமே என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றே சொன்னது. பெரும்பாலோர் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டாலும், அந்த வருஷத்தை எங்கள் ஊர் வாத்தியார்கள் யாரும் மறக்கவில்லை. அந்தக் கதவு இவ்வளவு குறுகிய பிறகு, எழுத்தில் பதில் வாங்கும் இந்தச் சின்ன ஜன்னலுக்கு மதிப்புக் கூடுகிறது.

ஓட்டு இல்லாதவர்கள்

ஆனால் முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போனால் பொய்யாகிவிடும். கவுன்சில் என்பது நிரந்தர ஊழியர்களுக்கு. இன்று எந்த அரசு வளாகத்துக்குள் போனாலும் காவல், துப்புரவு, தோட்டம், வண்டி ஓட்டுவது போன்ற வேலைகளில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆட்கள்தான். இந்தக் கவுன்சில்களில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. அவர்களுக்காகப் பேச வேண்டியவர் ஒப்பந்தக்காரர். ஆள் சேர்ப்பவரும் அவரே, தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குபவரும் அவரே. இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மண்டபத்தில் இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. 1964ஆம் வருஷ சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, தகரச் சீட்டோடு போனவர்களின் பேரப்பிள்ளைகள் தாயகம் திரும்பியோராக இதே மண்டபம் வழியே வந்து இறங்கினார்கள். 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழ் அகதிகள். அவர்களின் முகாம் இன்றும் இங்கே இருக்கிறது. ஒரே ஊரில், சில பேருக்கு வாக்குச் சீட்டும் மினிட்ஸும், சில பேருக்குப் பதிவேட்டில் ஓர் எண் மட்டும்.

தோழனுக்கு நீளமாகப் பதில் எழுதினேன். கடைசியில் மூன்று கேள்வி கேட்டேன். உன்னை அனுப்பியவர்கள் நினைத்தால் உன்னை மாற்ற முடியுமா? நீ சொன்னது எழுத்தில் ஏறுகிறதா? அவர்கள் ‘முடியாது’ என்றால் அதற்கு மேலே போக ஓர் இடம் இருக்கிறதா?

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “முதல் ரெண்டும் இருக்கு. மூணாவது இல்ல, நாங்க சொல்றது வெறும் ஆலோசனைதான்.” கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி: “இங்க ராத்திரி கிளீன் பண்றவங்க எல்லாம் கான்ட்ராக்ட். அவங்களுக்கு ஓட்டு இல்லைங்கிறதை நான் இதுவரைக்கும் கவனிக்கவே இல்லைடா.”

அடுத்த கூட்டத்தில் அதை மினிட்ஸில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். என்ன ஆயிற்று என்று தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.